உள்ளங்கையில் தீ: ஒட்டவைத்த மாதிரி தெரியாமல் செய்வது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: இரவில் கையை விரித்து நிற்கும் நண்பரின் படம் ஒன்று இருக்கிறது. அந்த உள்ளங்கையில் தீ எரிவது போல் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப்பின் ஃப்ளேம் ஃபில்டரைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, எங்கிருந்தோ எடுத்த தீப் படத்தை வைத்தும் பார்த்தாகிவிட்டது. இரண்டுமே ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கின்றன. எங்கே தப்பு?

உங்கள் தீயைவிட, அதற்குக் கீழே இருக்கும் கைதான் காட்டிக்கொடுக்கிறது. அவ்வளவு வெளிச்சம் உள்ளங்கையில் எரியும்போது விரல்கள் மட்டும் பழைய நீல இருட்டிலேயே இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணை உறுத்தும். அதனால் கைக்கு நிறைய நேரம் ஒதுக்கப் போகிறோம். ஆனால் தீயிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடலாம். கட்டளைப் பெயர்களை ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

எந்தத் தீ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழில் இதற்கு வசதியாகவே சொற்கள் இருக்கின்றன. ஒரே இடத்தில் நிமிர்ந்து நிற்பது சுடர். நாக்கு நாக்காக மேலே பாய்வது கொழுந்து. அடங்கிச் சிவந்து கிடப்பது தணல். மூன்றும் மூன்று வேலை. சுடருக்கு நாலு பிரஷ் இழுப்பும் கொஞ்சம் பிளரும் போதும். தணலில் வடிவம் கரியினுடையது, அதன் வெடிப்புகளுக்குள் தெரியும் சிவப்பை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். கொழுந்துதான் கஷ்டம். உள்ளங்கைக்கு வேண்டியது சுடருக்கும் கொழுந்துக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி நிறம். மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் வெளிச்சம் எரியும் வாயுவிலிருந்து நேராக வருவதில்லை. முழுதாக எரியாத நுண்ணிய கரித்துகள்கள் 1,400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி ஒளிர்கின்றன. உலையில் காய்ச்சிய இரும்பு சிவந்து, பிறகு மஞ்சளாவது போலத்தான் இதுவும். திரியை ஒட்டி அடியில் தெரியும் மெல்லிய நீலம் மட்டும் வேறு கதை: அங்கே கரித்துகள் இன்னும் உருவாகவில்லை, வேதிவினையே ஒளியை விடுகிறது.

கேமராவில் இதோடு இன்னொன்று சேர்ந்துகொள்ளும். தீயின் வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், பச்சை அதைவிடக் குறைவு, நீலம் மிகக் குறைவு. வெளிச்சம் கூடக்கூட, சிவப்புச் சேனல் முதலில் அதன் உச்ச அளவான 255-ஐத் தொட்டு நின்றுவிடும். பச்சை ஏறிக்கொண்டே வரும், நிறம் மஞ்சளாகும். பச்சையும் முட்டிய பிறகு நீலம் ஏறும், வெள்ளையாகும். நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, விளிம்பில் கருஞ்சிவப்பு என்று புகைப்படத்தில் நாம் பார்க்கும் வரிசை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஒரு புள்ளியில் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லிவிட்டால், அங்கே என்ன நிறம் என்பது தானாக முடிவாகிவிடும்.

அதனால் தீயைக் கறுப்பு வெள்ளையில் வரையுங்கள். நிறத்தைக் கடைசியில் கிரேடியண்ட் மேப் (வெளிச்ச அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தைக் கொடுக்கும் கட்டளை) கொடுக்கட்டும். ஆரஞ்சு பிரஷால் வரைந்துவிட்டு அதன் மேல் மஞ்சளைத் தடவுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெளிச்சம் ஒரு கணக்கில் போகும், நிறம் இன்னொரு கணக்கில் போகும், இரண்டும் ஒத்துவராமல் ரப்பர் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

அமைப்பு இப்படி: ஃபைலை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 8 பிட்டில் கருஞ்சிவப்பு மங்கிப் போகும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். புதிதாக ஒரு லேயர் குரூப் உருவாக்கி, அதன் பிளெண்ட் மோடை (கீழே இருப்பதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதை) பாஸ் த்ரூவிலிருந்து ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள். குரூப்புக்குள் அடியில் முழுக் கறுப்பு லேயர், நடுவில் நீங்கள் வரையப்போகும் வெள்ளைத் தீ, மேலே கிரேடியண்ட் மேப் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். குரூப் பாஸ் த்ரூவில் இல்லாததால் கிரேடியண்ட் மேப் உள்ளே இருப்பதை மட்டும் நிறமாற்றும், கீழே இருக்கும் புகைப்படத்தைத் தொடாது. கறுப்பு லேயர் ஸ்கிரீனில் காணாமல் போய்விடும். கிம்ப்பில் தீ லேயரின் நகல் ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, கலர்ஸ் மெனுவில் மேப் என்பதற்குள் இருக்கும் கிரேடியண்ட் மேப்பைப் போடுங்கள்; அப்போது தேர்ந்தெடுத்திருக்கும் கிரேடியண்ட்டைத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

வரையும்போது கிரேடியண்ட் மேப்பின் கண்ணை மூடிவிடுங்கள். கறுப்பில் வெள்ளை மட்டும் தெரியட்டும். ஓரம் பாதி மென்மையான பிரஷ், ஓபாசிட்டி 40 சதவீதம் அளவில். உள்ளங்கையின் நடுவிலிருந்து மேலே, எஸ் வடிவத்தில் வளைந்து போகும் மூன்று நான்கு இழுப்புகள். அடியில் அகலம், மேலே போகப் போக ஒல்லி. இழுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் வெள்ளை கூடும், அதுதான் தீயின் நடுப்பகுதி. பிறகு ஸ்மட்ஜ் டூல், பலம் 75 அளவில். விளிம்பிலிருந்து வெளியே இழுக்காதீர்கள், முள்ளம்பன்றி ஆகிவிடும். உள்ளேயிருந்து தொடங்கி, மேல்நோக்கி, கையைச் சற்று வளைத்து இழுத்துப் பாதியிலேயே விட்டுவிடுங்கள். நுனி தானாக மங்கி முடியும். அடுத்ததாகக் கறுப்பு பிரஷை எடுத்து இரண்டு நாக்குகளுக்கு நடுவே கீழிருந்து ஒரு கோடு வெட்டி, அதையும் ஸ்மட்ஜ் செய்யுங்கள். தீ வரைவதில் பாதி வேலை இந்தக் கறுப்பு வெட்டுதான். முழுதாக வெள்ளையாக நிரம்பிய தீ பஞ்சு மிட்டாய் போலத் தெரியும். கடைசியில் லிக்விஃபையில் பெரிய பிரஷால் மொத்த உருவத்தையும் ஒரு பக்கமாக மெல்லத் தள்ளிவிடுங்கள். நேராக நிமிர்ந்து நிற்கும் தீ நம்பும்படியாக இருக்காது.

வடிவத்தில் பலர் கவனிக்காத ஒன்று இடுப்பு. சூடான வாயு மேலே போகப் போக வேகம் எடுக்கும், சுற்றியுள்ள காற்று பக்கவாட்டில் உள்ளே இழுக்கப்படும். அதனால் தீ ஒரு இடத்தில் உப்பி, அதற்கு மேல் ஒடுங்கி, நுனி பிய்ந்து தனித் துண்டாக மிதந்து மறையும். பிய்ந்த துண்டு ஒன்று இரண்டு கட்டாயம் வேண்டும். இந்த உப்பல்கள் ஒரு சந்தத்தில் கிளம்புகின்றன: 1 மீட்டர் அகலமுள்ள தீயில் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை, 10 சென்டிமீட்டர் தீயில் ஏறத்தாழ ஐந்து முறை. பின்னால் இதை அசையும் படமாக்க நினைத்தால் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

நீங்கள் எடுத்து வைத்த தீப் படம் ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. பெரிய தீயில் நூற்றுக்கணக்கான சுருக்கங்களும் கிழிசல்களும் இருக்கும். சின்னத் தீ வழவழப்பானது, மொத்தமே மூன்று நான்கு நாக்குகள்தான். ஆளுயரத்துக்கு எரியும் தீயின் படத்தைச் சுருக்கிக் கையில் வைத்தால், அந்தச் சுருக்கங்கள் எல்லாம் பொடியாகக் கூடவே வந்துவிடும். கண் அதைப் பார்த்ததும் 'இது பெரிய தீ' என்று கண்டுபிடித்துவிடும். உள்ளங்கைக்கு உள்ளங்கை அளவுத் தீயின் படம்தான் சரிப்படும்.

வடிவம் வந்தபிறகு கொஞ்சம் இழையமைப்பு வேண்டும். புதிய லேயரில் ரெண்டர் மெனுவின் கிளவுட்ஸ், அதன் மேல் ஒன்றிரண்டு முறை டிஃபரன்ஸ் கிளவுட்ஸ். ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் உயரத்தை மட்டும் மூன்று மடங்காக இழுத்து, மல்டிப்ளை மோடில் 30 சதவீதம் அளவுக்குத் தீயின் மேல் போடுங்கள். இது கிரேடியண்ட் மேப்புக்குக் கீழே இருக்க வேண்டும்; அப்போதுதான் மேகத்தின் ஏற்ற இறக்கம் நிறத்தின் ஏற்ற இறக்கமாக மாறும். கிம்ப்பில் இதற்குச் சாலிட் நாய்ஸ் அல்லது பெர்லின் நாய்ஸ். (இந்தப் பெயர் கென் பெர்லினுடையது. 1985-இல் அவர் வெளியிட்ட இந்த முறைக்கு 1997-இல் ஆஸ்கார் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. திரையில் பார்த்த எத்தனையோ புகைக்கும் மேகத்துக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான்.) கையளவுத் தீக்கு இதை அதிகம் போடாதீர்கள், மேலே சொன்ன அதே காரணம்.

இப்போது கிரேடியண்ட் மேப்பின் கண்ணைத் திறக்கலாம். நான் வழக்கமாக வைக்கும் நிறுத்தங்கள், அதாவது எந்த வெளிச்ச அளவில் எந்த நிறம் என்பது: 0-இல் முழுக் கறுப்பு, 25 சதவீதத்தில் சிவப்பு 70, பச்சை 8, நீலம் 0, 50-இல் 230, 85, 5, 75-இல் 255, 190, 60, 95-இல் 255, 248, 220. முதல் நிறுத்தம் சுத்தக் கறுப்பாக இல்லாவிட்டால் படம் முழுக்கச் சிவப்பு மூட்டம் படர்ந்துவிடும், அதில் மட்டும் கவனம். டிதர் பெட்டியை டிக் செய்துவிடுங்கள். அப்புறம் தீ லேயருக்கும் கிரேடியண்ட் மேப்புக்கும் நடுவில் ஒரு கர்வ்ஸ் (வெளிச்சத்தை வளைகோட்டால் ஏற்றி இறக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்) வைத்து நடுப்புள்ளியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தீ சூடாவதும் ஆறுவதும் உங்கள் சுண்டுவிரலில் இருக்கும்! கறுப்பு வெள்ளையில் வரைந்ததன் முழுப் பலன் இங்கேதான் தெரியும். என் அனுபவத்தில் வெள்ளையாக எரியும் பரப்பு, மொத்தத் தீயில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டியூப்லைட்.

ஸ்கிரீன் மோடு ஏன் என்றால், தீ வெளிச்சத்தைக் கூட்டும், பின்னால் இருப்பதைப் பெரும்பாலும் மறைக்காது. லீனியர் டாட்ஜும் அதே வேலையைச் செய்யும், ஆனால் முரட்டுத்தனமாக: பாதி வெளிச்சத்தின் மேல் பாதி வெளிச்சம் விழுந்தால் ஸ்கிரீனில் 75 சதவீதம், லீனியர் டாட்ஜில் நேராக 100. பின்னணி நல்ல இருட்டாக இருந்தால் லீனியர் டாட்ஜ் அழகு. கொஞ்சம் வெளிச்சமான பின்னணியில் அது எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். கறுப்புப் பின்னணி முழுக் கறுப்பாக இல்லாத தீப் படம் கிடைத்தால், லேயர் ஸ்டைலில் பிளெண்ட் இஃப் பகுதிக்குப் போய், அந்த லேயரின் கறுப்புக் குமிழை ஆல்ட் அழுத்திப் பிடித்து இரண்டாகப் பிரித்து நகர்த்துங்கள். ஓரம் கத்தரித்தது போல் இல்லாமல் மங்கி மறையும்.

பட்டப்பகலில் எடுத்த படம் என்றால் இந்த வித்தை எதுவும் அவ்வளவாகப் பலிக்காது. வெளுத்த வானத்தின் மேல் எதைக் கூட்டினாலும் வெள்ளைதான். அங்கே தீயைக் காட்டுவதைவிடப் புகையையும் கானல் அலையையும் காட்டுவதே புத்திசாலித்தனம். உங்கள் படம் இரவுப்படம், தப்பித்தீர்கள்.

தீயின் அடி. உள்ளங்கையில் நேராக ஒட்டிக்கொண்டு பளீரென்று தொடங்கக் கூடாது. கடைசி ஒரு சென்டிமீட்டரை மாஸ்க்கில் (கறுப்பு தடவிய இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை தடவிய இடத்தில் காட்டும் திரை) மென்மையான பிரஷால் மங்கவைத்து, அங்கே தனி லேயரில் மிக மெல்லிய நீலம் ஒரு தீற்று, ஸ்கிரீனில் 20 சதவீதம். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இருந்தால் போதும்.

இனி கை. புகைப்படத்தை முதலில் இருட்டாக்குங்கள். தீ எரியும் படத்தில் கேமரா தீக்கு ஏற்ப எக்ஸ்போஷரைக் குறைத்திருக்கும், மற்றதெல்லாம் இன்னும் இருண்டிருக்கும். ஒரு கர்வ்ஸ் போட்டு மொத்தப் படத்தையும் இறக்குங்கள். இது ஒன்றே பாதி வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். அதன் மேல் இன்னொரு கர்வ்ஸ்: சிவப்பை நன்றாக ஏற்றி, பச்சையைக் கொஞ்சம் ஏற்றி, நீலத்தை இறக்குங்கள். அதன் மாஸ்க்கைக் கன்ட்ரோல் ஐ அழுத்திக் கறுப்பாக்கிவிட்டு, தீயைப் பார்த்திருக்கும் பரப்புகளை மட்டும் வெள்ளைப் பிரஷால் திறந்துவிடுங்கள்.

எவ்வளவு திறப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். தீயிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கும் விரலுக்கு 100 பங்கு வெளிச்சம் என்றால், 40 சென்டிமீட்டரில் இருக்கும் முகத்துக்கு 6 பங்குதான். விரலும் முகமும் ஒரே அளவு ஆரஞ்சாக இருந்தால் அது தீயின் வெளிச்சம் இல்லை, பக்கத்தில் யாரோ விளக்கைப் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

கைக்குள் இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். கட்டைவிரலின் உள்பக்கம் பிரகாசம், வெளிப்பக்கம் பழைய இருட்டு. அந்த எல்லை விரலின் உருண்டைக்கு ஏற்ப வளைந்து போக வேண்டும். விரல்களுக்கு இடையே உள்ள மெல்லிய தோலில் வெளிச்சம் ஊடுருவிச் செக்கச்செவேலென்று தெரியும். இருட்டில் டார்ச்சை விரலால் மூடிப் பார்த்திருப்பீர்களே, அதே சிவப்பு. தனி லேயரில் சாஃப்ட் லைட் மோடில் அந்த இடங்களுக்கு மட்டும் அடர்சிவப்பு ஒரு தடவல். உள்ளங்கை ரேகைகள் கீழ்ப்பக்கம் நிழல் விழுந்து இன்னும் ஆழமாகத் தெரியும். பர்ன் டூலால் நாலைந்து ரேகைகளை அழுத்திவிடுங்கள். முகத்துக்கு வெளிச்சம் கீழிருந்து வருவதால் தாடையின் அடியும் மூக்கின் அடியும் ஒளிரும், மூக்கின் நிழல் மேல்நோக்கி விழும். கண்மணிகளில் சின்னதாக ஒரு தீப் பிரதி, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில்.

நான் ஒருமுறை பந்தம் பிடித்த ஒருவரின் படத்தை இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். தீ பிரமாதம், முகத்தில் வெளிச்சம் பிரமாதம். படத்தைக் கொடுத்த வீட்டில் ஒரு சின்னப் பையன் பார்த்துவிட்டு, "மாமா போட்டிருக்கிற கண்ணாடியில ஏன் நெருப்பு தெரியல?" என்று கேட்டான். அதற்கு மேல் அந்தப் படத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. கண்ணாடி, மோதிரம், வாட்ச், சட்டைப் பொத்தான் என்று பளபளக்கும் எதையும் விட்டுவிடாதீர்கள்.

தீயைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் வேண்டும். நிறம் ஏறிய தீயின் நகலை மூன்றாக எடுத்து, காஸியன் பிளர் 10, 40, 120 பிக்சல் என்று கொடுத்து, ஓபாசிட்டியைப் படிப்படியாகக் குறைத்து ஸ்கிரீனில் வையுங்கள். ஒரே பிளரில் செய்யும் வட்டம் சோப்புக் குமிழி மாதிரி தனியாகத் தெரியும். பிக்சல் எண்கள் சுமார் 3,000 பிக்சல் அகலப் படத்துக்கு. உங்கள் படத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறையுங்கள்.

பொறி, புகை, கானல் மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பொறிகள் புள்ளிகளாக இருக்கக் கூடாது, சின்ன வளைகோடுகளாக இருக்க வேண்டும். தீக்கு அருகில் மஞ்சள், தூரம் போனால் சிவப்பு, ஒன்றிரண்டு கேமராவுக்குப் பக்கத்தில் வந்து பிளராகிப் பெரிதாக. கையளவுத் தீக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். புகையை ஸ்கிரீனில் வைக்காதீர்கள். அது வெளிச்சத்தை மறைக்கும் பொருள், சாதாரண மோடில் கரும்பழுப்பாக, அடிப்பகுதியில் மட்டும் தீயின் ஆரஞ்சு பட்டது போல. கானலுக்குத் தீயின் மேலே இருக்கும் பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்து லேசாக ரிப்பிள். பின்னணி வெறும் இருட்டு என்றால் அதுவும் தேவையில்லை.

கடைசிச் சேர்மானம், புகைப்படத்தின் குணத்தைத் தீக்கும் கொடுப்பது. இரவில் கையில் பிடித்து எடுத்த படத்தில் ஷட்டர் 1/30 வினாடி அளவில் இருந்திருக்கலாம். அவ்வளவு நேரத்தில் தீ நகர்ந்துவிடும், நுணுக்கமான இழைகள் பதியாது. அப்படிப்பட்ட படத்தில் 1/1000 வினாடியில் உறைந்தது போன்ற கூர்மையான தீ வந்து உட்கார்ந்தால் ஒட்டாது. செங்குத்தாகக் கொஞ்சம் மோஷன் பிளர் கொடுங்கள். புகைப்படத்தில் இருக்கும் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) அளவுக்குத் தீக்கும் நாய்ஸ் சேருங்கள்.

ஃபில்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோட்டோஷாப்பின் ஃப்ளேம் ஃபில்டர் மோசமில்லை, ஆனால் பாத் வரைந்தால்தான் வேலை செய்யும். நேரான ஒரே பாத்தைக் கொடுத்தால் வரிசையாக நட்டுவைத்த செடி போல ஒரே மாதிரி நாக்குகளை நட்டுவிடும். உயரமும் வளைவும் வேறுவேறான நாலைந்து பாத்களில் தனித்தனி லேயரில் ஓட்டி, நிறத்தை நீக்கி, மேலே சொன்ன குரூப்புக்குள் போட்டு ஸ்மட்ஜ் செய்தால் நல்ல தொடக்கப்புள்ளி. கிம்ப்பில் ஃப்ளேம் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஸ்காட் டிரேவ்ஸ் 1992-இல் உருவாக்கிய ஃபிராக்டல் ஃப்ளேம் என்ற கணித ஓவியம், அதில் நெருப்பு இல்லை. எழுத்தைத் திருப்பிப் போட்டு விண்ட் ஃபில்டர் அடிக்கும் பழைய முறையை இன்னும் சொல்லித் தருகிறார்கள். அதில் வருவது தீ அல்ல, சீப்பு.

இவ்வளவும் வேண்டாம், சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் நீங்களே ஒரு சுடரைப் படம் எடுங்கள். நான் பாதி நேரம் அதைத்தான் செய்கிறேன். இருட்டு அறை, பின்னால் கறுப்புத் துணி தள்ளி, ஒரு மெழுகுவத்தி. போனில் சுடரைத் தொட்டு ஃபோகஸ் செய்து, அதன் நடுவில் வெள்ளை ஒரு சின்னத் திட்டாகச் சுருங்கும்வரை எக்ஸ்போஷரை இறக்குங்கள். வாயால் மெல்ல ஊதி ஆடவிட்டு முப்பது நாற்பது படம் எடுத்தால் ஐந்தாறு தேறும். அவற்றில் மூன்றை ஸ்கிரீனில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, லிக்விஃபையில் வளைத்தால் உள்ளங்கைத் தீ ரெடி. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், கறுப்புத் துணி சுடருக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

எந்த வழியில் செய்தாலும், முடிந்தது என்று தோன்றியதும் தீ குரூப்பையும் ஒளிவட்ட லேயர்களையும் அணைத்துவிட்டு, தீயே இல்லாத படத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். வெறும் கையைப் பார்த்தே அதில் ஏதோ எரிகிறது என்று தோன்றினால் தீயைத் திரும்பப் போட்டு சேவ் செய்துவிடலாம். தோன்றாவிட்டால் தீயைத் தொடாதீர்கள், கைக்கு நிறம் கொடுத்த அந்த இரண்டாவது கர்வ்ஸின் மாஸ்க்குக்குத் திரும்பிப் போய்க் கட்டைவிரலிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.